மாமியின் மோட்டார் சைக்கிளும் அப்பாவின் எண்ணெயும்

பழைய மோட்டார் சைக்கிள் விற்கிறவர்கள் எல்லாருக்கும் ஒரு ரீச்சரைத் தெரிந்திருக்கும். அந்த ரீச்சர் வீட்டுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் மட்டும்தான் வண்டி ஓடியிருப்பார். மழையில் இறக்கியிருக்கமாட்டார், வெயிலில் நிறுத்தியிருக்கமாட்டார், பின்னால் யாரையும் ஏற்றியிருக்கவும் மாட்டார். இப்போது நானும் ஒரு பழைய வண்டிதான் ஓடுகிறேன். அதை விற்றவரும் அந்த ரீச்சரைப் பற்றித்தான் சொன்னார். வன்னி முழுக்க ஓடித் திரிகிற இத்தனை பழைய வண்டிகளையும் அந்த ஒரு மனுசி எப்படித்தான் ஓடி முடித்தாரோ தெரியாது.

அவரைப் பற்றி நான் முதன்முதல் கேள்விப்பட்டது எனக்கு ஒன்பது வயதாக இருக்கும்போது, மாமி வண்டி வாங்கின அன்று. மாமி என்றால் அப்பாவின் அக்கா. நாயாற்றில் எங்கள் வளவுக்குள்ளேயே ஒரு சின்ன வீடு போட்டுக்கொண்டு தனியாக இருந்தார். பிள்ளைகள் இல்லை. மாமா கடலுக்குப் போய் வராமல்விட்டவர். அப்பாவுக்குத் தொழில், கரையில் படகு இஞ்சின்கள் திருத்துவது. அதனால் வண்டி பார்க்கிற அன்று அப்பாவையும் கூட்டிக்கொண்டு போனார் மாமி. நான் கேட்காமலே ஒட்டிக்கொண்டேன்.

"ஒரு ரீச்சர் ஓடின வண்டி அக்கா. புதுசு தோத்துப்போம்," என்றார் விற்கிறவர்.

அப்பா குந்தி இருந்து, வண்டியின் அடியில் கையை விட்டுத் துழாவி, ஒரு பிடி மரப்பட்டையை வெளியே எடுத்தார். காட்டில் வெட்டுகிற முதிரை மரத்துப் பட்டை.

"உந்த ரீச்சர் என்ன, காட்டுக்குள்ளயோ படிப்பிச்சவா?"

விற்கிறவர் கொஞ்சமும் அசரவில்லை. "இடைக்கிடை அவாவின்ர மனிசனும் ஓடினவர்," என்றார்.

ஆனாலும் மாமி அதைத்தான் வாங்கினார். சட்டையோடு காலைத் தூக்காமல் ஏறி இருக்கலாம். பின்னால் பெட்டி கட்ட அகலமான கம்பி இருந்தது. ஒரு உதையில் ஸ்ரார்ட் ஆனது. அப்பா கண்ணை மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் இஞ்சினைக் கேட்டார். நல்ல இஞ்சின் என்றால் "கதைக்குது" என்பார், கெட்ட இஞ்சின் என்றால் "இருமுது" என்பார். இதற்கு அவர் சொன்னது: "கதைக்குது அக்கா. ஆனா கொஞ்சம் பொய்யும் கதைக்குது."

மாமிக்கு ஏன் மோட்டார் சைக்கிள் என்று ஊரில் கேட்டவர்கள் இருந்தார்கள். மாமியின் தொழில் கருவாடு. கரையில் வாங்கிக் காயவைத்து, பஸ்ஸில் விசுவமடுவுக்குக் கொண்டுபோய் வீடு வீடாக விற்பார். கருவாட்டுப் பெட்டியைக் கண்டதும் கொண்டக்ரர்மாருக்கு முகம் ஒரு பக்கமாகப் போய்விடும். ஒருநாள் மாமி காலை எடுத்து வைக்கமுதலே பஸ் இழுத்துக்கொண்டு போய்விட்டது. மாமி பெட்டியோடு றோட்டில் நின்று, பஸ் மறையும்வரை பார்த்துவிட்டு, "சரி, இனி உனக்குப் பின்னால ஓடி வாறேல்லை. முன்னால ஓடிப் போறன்," என்று பஸ்ஸைப் பார்த்தே சொன்னாராம். அன்றைக்கு எடுத்த முடிவு. கடற்கரை மணலில் விழுந்து எழும்பி ஓடப் பழகி, சோதனை எழுதி, சாரதி அனுமதிப்பத்திரமும் எடுத்துவிட்டார். மணலில் பழகினதால் தார் றோட்டிலும் காலை இரண்டு பக்கமும் நீட்டிக்கொண்டுதான் ஓடுவார்.

வாங்கின வண்டியில் ஒரு குறை. வரிப்பத்திரம் முடிந்திருந்தது. அதைப் புதுப்பிக்க வேண்டுமென்றால் முதலில் புகைச் சோதனையில் பாஸ் பண்ணவேண்டும். அந்தத் தாள் இல்லாமல் அரசாங்கக் கந்தோரில் ஒன்றும் நடக்காது. வரிப்பத்திரம் இல்லாமல் விசுவமடுப் பக்கம் தலை காட்டமுடியாது, வழியில் சந்திக்குச் சந்தி ட்ராஃபிக் பொலிஸ் நிற்கும்.

அவசரமும் இருந்தது. மாமி ஞாயிற்றுக்கிழமைப் பூசையைத் தவறவிடாத கத்தோலிக்க மனுசி. ஆனால் இந்துக்களின் விரதமெல்லாம் அவருக்குத் தலைகீழ்ப் பாடம். எந்த விரதம் என்றைக்குத் தொடங்குகிறது, என்றைக்கு முடிகிறது, முடிந்த அடுத்தநாள் எந்த வீட்டில் என்ன கருவாடு கேட்பார்கள் என்று சொல்லுவார். வருசத்தில் பெரிய வியாபாரம் கந்தசஷ்டி முடிந்த கையோடு. நாட்கணக்காய் மீன் மணம் படாத வீடுகள், வெளியிலே மழை, குசினியில் சோறு வெந்துகொண்டிருக்கும்போது மாமியின் குரல் கேட்டால் பெண்கள் அகப்பையோடு ஓடி வருவார்களாம். அந்த முறை வவுனியாப் பக்கத்திலிருந்து ஒருவன் குட்டி லொறியில் கருவாடு கொண்டுவரத் தொடங்கியிருந்தான். ஒலிபெருக்கியும் வைத்திருந்தானாம். மாமியின் வாடிக்கைக்காரப் பெண்கள், "அக்கா, நீங்கள் விரதம் முடிஞ்ச அண்டைக்கு வந்தால் உங்களிட்டத்தான் எடுப்பம். வராட்டி என்ன செய்யிறது, அவனிட்டத்தான்," என்று சொல்லிவிட்டார்கள். ஒருமுறை அவனிடம் பழகினால் பிறகு திரும்பமாட்டார்கள் என்று மாமிக்குத் தெரியும். வியாபாரம் போனால் தம்பி வீட்டுச் சோறுதான். அம்மா ஒருநாளும் முகம் சுழித்தவரில்லை. இருந்தாலும் தன்னுடைய அரிசியைத் தானே வாங்கவேண்டும் என்பது மாமியின் பிடிவாதம்.

புகைச் சோதனைக்காரர்கள் கிழமையில் ஒருநாள் முல்லைத்தீவுக்கு ஒரு வானில் மெஷினோடு வருவார்கள். முதல்முறை போனபோது என்னையும் பின்னால் ஏற்றிக்கொண்டார் மாமி. "பிள்ளையைக் கண்டால் மனம் இளகுவாங்கள்" என்பது அவருடைய கணக்கு. மெஷினுக்குக் கண் இல்லை என்பதை இரண்டு பேருமே யோசிக்கவில்லை.

வழியில் சந்தியில் பொலிஸ்காரர் ஒருவர் நின்றார். மாமி தூரத்திலேயே இஞ்சினை நிறுத்தி இறங்கினார்.

"இறங்கு பிள்ளை. ஓடினாத்தான் அது வாகனம். தள்ளினா அது சாமான்."

மாமி தள்ள, நான் பின்னால் பிடித்துக்கொண்டு வர, பொலிஸ்காரர் எங்களைக் கண்டுவிட்டார். சிங்களவர், நல்ல உயரம். கிட்ட வந்து, தெரிந்த தமிழில் கேட்டார்: "அம்மா, பைக் உடைஞ்சதா?"

"ஓம் மாத்தயா, உடைஞ்சு போச்சு," என்றார் மாமி, அழுகிற குரலில்.

அந்த மனிதர் தொப்பியைச் சரிசெய்துவிட்டு, வண்டியின் பின்பக்கத்தில் கையை வைத்துத் தள்ளத் தொடங்கிவிட்டார். சந்தியைத் தாண்டியும் விடவில்லை. கராஜ் வரைக்கும் கொண்டுவந்து விடுவேன் என்று நின்றார். வேர்த்து ஒழுக ஒழுகத் தள்ளினார். கராஜ் வாசலில் அவரை அனுப்பிவிட்டு மாமி சிலுவை போட்டுக்கொண்டார். "பாவம், நல்ல பிள்ளை. ஆரோ ஒரு தாய் நல்லா வளத்திருக்கிறாள்," என்றார்.

கராஜுக்கு எதிரே உள்ள வெளியில்தான் சோதனை வான். மெஷினோடு நின்ற பையன் ஒரு ஈரத்துணியை எடுத்து சைலன்சரின் வாயைப் பொத்தினான். அப்படிப் பொத்தினால் நல்ல வண்டி மூச்சுத் திணறி நின்றுபோகும். மாமியின் வண்டி நிற்கவில்லை. பக்கவாட்டால் புசு புசு என்று மூச்சுவிட்டுக்கொண்டு சுகமாக இருந்தது.

"சைலன்சர் ஓட்டை அக்கா. ஓட்டை எண்டா மெஷினில போடேலாது."

"சின்ன ஓட்டை தானே தம்பி. நீங்கள் அதை ஒருக்கால் கையால பொத்திக்கொண்டு..."

"சுடும் அக்கா."

பையன் நல்ல மனதோடு மற்றக் குறைகளையும் சொன்னான். பிரேக் பிடித்தால் பின்லைற் எரியவில்லை. ஹோர்ன் ஆட்டுக்குட்டி மாதிரி. பின் ரயரைத் தடவிப் பார்த்துவிட்டு, "இது என்ர அப்பாவின்ர தலை மாதிரிக் கிடக்கு," என்றான். வரிசையில் நின்றவர்கள் எல்லாரும் தங்கள் தங்கள் ரயரைக் குனிந்து பார்த்தார்கள்.

உப்புக் காற்று எங்கள் பக்கத்தில் எதையும் விட்டுவைக்காது. கதவுப் பூட்டு, கட்டில் கால், தையல் மெஷின் எல்லாவற்றையும் அரிக்கும். சைலன்சரையும் அரித்திருந்தது. அப்பா ஓட்டையைப் பார்த்துச் சிரித்தார். "உதுக்கோ கராஜுக்குப் போறது? நான் படகையே ஒட்டுறனான்." படகுக்கு ஓட்டை விழுந்தால் பைபர்த் துணியை வைத்து, பசை பூசி, காயவிட்டு, உரஞ்சி விடுவார்கள். தண்ணீர் ஒரு சொட்டும் உள்ளே வராது. அப்பா அதையே சைலன்சருக்குச் செய்தார். மிச்சமிருந்த நீலப் பெயின்றும் அடித்தார். உண்மையாகவே வடிவாக இருந்தது. அம்மா மட்டும் தள்ளி நின்று, "மச்சாள், இது கடலில விடுற சாமான் இல்லைத்தானே?" என்று கேட்டார். ஒருவரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

படகு சுடாது. சைலன்சர் சுடும். அடுத்த கிழமை சோதனைப் பையன் மெஷினின் குழாயைச் சைலன்சருக்குள் விட்டுக் கொஞ்ச நேரம் இஞ்சினை உறுமவிட்டதும் அந்த நீல ஒட்டு மெல்ல மெல்லப் பப்படம்போல எழும்பியது. பிறகு கொதித்தது. பிறகு ஒரு மணம் வந்தது பாருங்கள், வரிசை இரண்டாகப் பிரிந்து ஒரு பாதி மதகடிக்கும் மறுபாதி கோயிலடிக்கும் ஓடியது. பையன் மூக்கைப் பொத்திக்கொண்டு வந்தான்.

"அக்கா, உள்ளுக்க என்ன, சமையலோ?"

எதிரே கராஜ்காரர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அவர் மலையகத்திலிருந்து வந்து விசுவமடுவில் குடியேறின குடும்பம். மாமியின் கருவாட்டுக்கு அவருடைய வீடும் ஒரு வாடிக்கை. சிரித்து முடித்த கையோடு அந்த நீல ஒட்டு முழுவதையும் சுரண்டி எடுத்து, ஓட்டைக்கு இரும்புத் துண்டு வைத்து வெல்டிங் பண்ணி, பின்லைற்றையும் எரியவைத்து, ரயரும் மாற்றிவிட்டார். "இனிப் பாஸ்தான் அக்கா. விரதம் முடிஞ்சா எங்க வீட்டுக்காரி ஒங்க பாரைக் கருவாட்டுக்காக வாசல்ல நிப்பா. நீங்க வரலேன்னா எனக்கில்ல சோறு இல்லாமப் போயிரும்," என்றார்.

மூன்றாம் முறை துணியால் பொத்தியதும் வண்டி மரியாதையாக நின்றுபோனது. மாமி என் தலையைத் தடவினார். பையன் குழாயை விட்டு உறுமவிட்டான். சைலன்சரிலிருந்து நீல நிறத்தில் புகை வந்தது. முதலில் ஊதுபத்திப் புகை அளவு; பிறகு குப்பை எரித்த அளவு. பையன் மெஷினைப் பார்த்தான், எங்களைப் பார்த்தான், பிறகு எங்கள் கண்ணைப் பார்க்காமல் நிலத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னான்.

"புகை கூட அக்கா. ஃபெயில்."

மாமி வண்டியைத் தள்ளிக்கொண்டு கராஜுக்குப் போனார். விரதம் முடிய இன்னும் ஒரேயொரு சோதனை நாள்தான் இருந்தது. கராஜ்காரர் இஞ்சினை ஒரு சுற்றுப் பார்த்தார். பிறகு பெற்றோல் தாங்கியின் மூடியைத் திறந்து மணந்தார். விரலை விட்டு எடுத்து, பெருவிரலோடு சேர்த்து உரசிப் பார்த்தார்.

"என்னாக்கா இது? பெற்றோல்ல யாரு எண்ணெய் ஊத்துறது?"

நான் சொன்னேன். அப்பாதான், விடியற்காலையில், மாமி குளிக்கப் போன நேரம், ஒரு போத்தல் மூடியால் அளந்து அளந்து விடுகிறவர் என்று. அதில் ஒளிப்பதற்கு ஒன்றும் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. அப்பா இஞ்சின்களுக்கு எண்ணெய் விடுவதை நான் பிறந்த நாளிலிருந்து பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

"படகு இஞ்சினுக்குத்தான் பெற்றோலோட கலக்கணும்," என்றார் கராஜ்காரர். "இதுக்கு எண்ணெய் கீழ வயித்துல தனியா நிக்குது. நீங்க சோத்துலயும் ஊத்துனா அது என்னா பண்ணும்? புகையத்தான் கக்கும். தம்பிகிட்ட சொல்லிப்புடுங்க, வெளங்கிக்குவாரு."

"அவனுக்குச் சொல்லவேண்டாம்," என்றார் மாமி.

"ஏங்க்கா?"

"சொன்னா அவன் நித்திரை கொள்ளமாட்டான்."

கராஜ்காரர் மாமியின் முகத்தைப் பார்த்துவிட்டுத் தாங்கியை மூடினார். எனக்கு அது பெரிய அநியாயமாகப் பட்டது. ஒரு சொல் சொன்னால் முடிகிற வேலை. நித்திரைக்கும் எண்ணெய்க்கும் என்ன தொடுப்பு?

தொடுப்பு என்னவென்று வளர்ந்த பிறகு அம்மாதான் சொன்னார். போர் முடிந்து ஊருக்கு மீள்குடியேறி வந்த புதிதில், எனக்கு நான்கு வயதாக இருக்கும்போது, மாமா ஒருநாள் விடியமுதல் கடலுக்குப் போனார். எண்ணெய் கலந்த பெற்றோல் கானையும் கலக்காத கானையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்திருந்தவர் அப்பா. இருட்டில் மாமாவின் கை எதில் பட்டதோ அதைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். எண்ணெய் இல்லாத இஞ்சின் நடுக்கடலில் இறுகிப்போனது. மேற்கிலிருந்து வீசுகிற கச்சான் காற்று படகை வெளியே இழுத்துக்கொண்டு போனது. படகு பிறகு வேறொரு கரையில் ஒதுங்கியது. மாமா ஒதுங்கவில்லை. மாமி அதற்குப் பிறகு அப்பாவை ஒரு சொல்லும் கேட்கவில்லை. அப்பாவும் ஒரு சொல்லும் சொல்லவில்லை. அந்த வீட்டில் அதைப் பற்றிக் கதையே இல்லை. அப்பா எண்ணெய் கலந்த கானுக்கெல்லாம் சிவப்புப் பெயின்ற் அடித்தார், அவ்வளவுதான்.

ஒன்பது வயதில் எனக்கு இது எதுவும் தெரியாது. எனக்குத் தெரிந்ததெல்லாம், மாமி ஃபெயிலாகிறார், அப்பாவின் எண்ணெய்தான் காரணம், மாமி அதைச் சொல்லுகிறாரில்லை.

வீட்டுக்கு வந்ததும் அப்பா ஓடி வந்து கேட்டார். "என்னவாம் அக்கா?"

"அவங்கட மெஷின் பழுதாம் தம்பி. அடுத்த கிழமை வரட்டாம்."

அப்பாவுக்குக் கோபம் வந்தது. "மெஷினையே திருத்தத் தெரியாதவங்கள் மற்றவையின்ர வண்டியைச் சோதிக்க வந்திட்டாங்கள். கொண்டுவரச் சொல்லு, நான் திருத்தி விடுறன்." மாமி திரும்பிநின்று சிரிப்பை அடக்கினார். நான் வாயைத் திறக்கப் போனேன். மாமியின் கை வந்து என் தோளில் இருந்தது. பாரமான கை.

கடைசிச் சோதனை, விரதத்தின் கடைசி நாளான சூரன்போருக்கு முதல்நாள் வந்தது. விடியற்காலையில் நான் யன்னலால் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்பா போத்தலோடு வந்தார். அளந்து விட்டார். கொஞ்சம் யோசித்துவிட்டு இன்னும் ஒரு மூடி விட்டார், அன்றைக்கு முக்கியமான நாள் என்றபடியால். கிணற்றடியில் மாமி நின்றது எனக்குத் தெரிந்தது. வாளியைக் கையில் பிடித்துக்கொண்டு, அப்பா விட்டு முடிக்கும்வரை அசையாமல் நின்று, பிறகுதான் வாளியைச் சத்தமாகக் கிணற்றுக்குள் விட்டார்.

பாலம் தாண்டியதும் மாமி வண்டியை ஒரு பனங்கூடலுக்குள் விட்டார். பெட்டிக்குள்ளிருந்து ஒரு வெறுங்கானும் ஒரு குழாயும் ஒரு பெரிய போத்தலில் புதுப் பெற்றோலும் வெளியே வந்தன. குழாயைத் தாங்கிக்குள் விட்டு வாயால் ஒரு இழுவை இழுத்தார். வாய்க்குள் பெற்றோல் போய்விட்டது. துப்பினார், இருமினார், "சீ, இதையோ உந்த வாகனங்கள் குடிக்குது," என்றார். தாங்கி முழுக்க வடிந்தது. கொஞ்சம் புதுப் பெற்றோலை விட்டு வண்டியை ஆட்டி அலம்பி அதையும் வடித்தார். பிறகு மிச்சத்தை விட்டு மூடினார்.

எனக்குப் பொறுக்கவில்லை. "மாமி, அப்பாட்டச் சொன்னா அவர் ஊத்தமாட்டார் தானே?"

"ஊத்தட்டும் பிள்ளை. ஊத்தினாத்தான் அவனுக்கு நிம்மதி."

"அப்ப உங்களுக்கு?"

"எனக்கென்ன. அவனுக்கு ஊத்தத் தெரியும், எனக்கு வடிக்கத் தெரியும். ஏறு."

வடித்த கானைப் பனைக்குப் பின்னால் ஒளித்துவைத்து, திரும்பி வரும்போது ஒரு படகுக்காரருக்குக் கொடுத்தார். அந்த ஆள் சந்தோசமாக வாங்கிக்கொண்டார். கலந்தே கிடைத்த பெற்றோல்.

சோதனையில் அன்றைக்கு முதலில் கொஞ்சம் புகை வந்தது. பழைய எண்ணெயின் மிச்சம். மாமி செபமாலையைச் சட்டைப்பைக்குள் வைத்துப் பிடித்துக்கொண்டு நின்றார். கராஜ்காரர் கையில் ஸ்பனரோடு றோட்டைக் கடந்து வந்து எங்களுக்குப் பக்கத்தில் நின்றார். வரிசையில் நின்றவர்களுக்கு எங்கள் கதை முழுக்கத் தெரிந்திருந்தது. முன்னொரு கிழமை அந்த மணத்துக்கு ஓடினவர்களும் அவர்களுக்குள் இருந்தார்கள், அதனால் முன்னெச்சரிக்கையாகத் தள்ளியே நின்றார்கள். பையன் உறுமவிட்டான். புகை மெலிந்தது. இன்னும் உறுமவிட்டான். ஒன்றுமே வரவில்லை. வெறும் சூட்டுக் காற்று.

"பாஸ் அக்கா!" என்று அவன் கத்தினான். அவனுடைய வண்டியே பாஸ் ஆனதுபோல முகம். வரிசை கைதட்டியது. கராஜ்காரர், "எனக்குச் சோறு நிச்சயம்," என்றார். மாமி அந்தத் தாளை வாங்கி, படிக்காமல் முத்தமிட்டுவிட்டு, அதே ஓட்டத்தில் கந்தோருக்குப் போய் வரிப்பத்திரத்தையும் எடுத்தார். திரும்பி வரும்போது சந்தியில் அதே உயரமான பொலிஸ்காரர் நின்றார். மாமி இறங்கவில்லை. காலை இரண்டு பக்கமும் நீட்டிக்கொண்டு, ஆட்டுக்குட்டி ஹோர்னை அடித்து, கையைக் காட்டிக்கொண்டு போனார். அவரும் கையைக் காட்டினார்.

வீட்டு வாசலில் அப்பா நின்றார். வண்டி நின்றதும் தாளைக் கேட்கவில்லை. குனிந்து சைலன்சரின் வாய்க்குக் கிட்டக் கையைக் கொண்டுபோய், உள்ளங்கையில் அந்தக் காற்றைப் பிடித்து மூக்குக்குக் கிட்ட வைத்தார். கரையில் நின்றபடியே, தூரத்தில் போகிற படகு என்ன எண்ணெய் குடிக்கிறது என்று மணத்தில் சொல்லக்கூடிய மனிதர் அவர். இரண்டாம்தரமும் பிடித்து மணந்தார்.

பிறகு எழும்பிக் கேட்டார். "பாஸோ?"

"பாஸ் தம்பி. உன்ர எண்ணெயாலதான் இஞ்சின் இப்பிடிப் பூப்போல ஓடுதாம். அந்தப் பெடியனே சொன்னவன்."

அப்பா மாமியைப் பார்த்தார். மாமி அப்பாவைப் பார்த்தார். "அப்ப சரி," என்றார் அப்பா. உள்ளே போய் முகத்தைக் கழுவினார். நல்லாய் நேரம் எடுத்துக் கழுவினார்.

அப்பா ஏமாந்துபோனார் என்று எனக்கு ஒரே சிரிப்பு.

விரதம் முடிந்த அடுத்தநாள் விடிய, மாமி விசுவமடுவுக்கு வெளிக்கிட்டார். மழை தூறிக்கொண்டிருந்தது. அம்மா தேத்தண்ணி கொண்டுவந்தார். அப்பா பெட்டியை ஏற்றிக் கயிற்றால் கட்டினார், படகு கட்டுகிற முடிச்சு. முடிச்சை இரண்டுதரம் இழுத்துப் பார்த்தார். அன்றைக்கு நான் மாமிக்கு முதலே எழும்பி, படியில் இருந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்பா தாங்கிக்குக் கிட்டவே போகவில்லை. அவருடைய கையில் போத்தல் இல்லை.

மாமி ஏறி இருந்து கொண்டு கேட்டார். "எண்ணெய் விட்டிட்டியோ தம்பி?"

"விட்டாச்சு அக்கா. பயப்பிடாமல் போ."

"அப்ப எனக்கென்ன பயம்," என்றார் மாமி. ஒரு உதையில் வண்டி ஸ்ரார்ட் ஆனது. பின்லைற் சிவப்பாக எரிந்துகொண்டு பாலத்தடி வரைக்கும் போய் மறைந்தது. அன்றைக்கு எல்லாம் விற்றுப் பெட்டி வெறுமையாகத்தான் திரும்பி வந்தது. ஆனால் அதற்கு முந்தியே நான் அப்பாவைப் பிடித்துவிட்டேன்.

"அப்பா, நீங்கள் எண்ணெய் விடேல்லை. நான் பாத்தனான்."

"போய் முகத்தைக் கழுவிப்போட்டுப் பள்ளிக்கூடத்துக்கு வெளிக்கிடு," என்றார் அப்பா.

எனக்கு அந்த வருசம்தான் முதல்நன்மை, முதன்முதலாக நற்கருணை வாங்குவது. மறைக்கல்வி வகுப்பில் சிஸ்ரர் பொய் சொல்லுவதைப் பற்றி விபரமாகப் படிப்பித்திருந்தார். எங்கள் வீட்டில் இரண்டு பெரிய ஆட்கள் முகத்துக்கு முகம் பார்த்து ஆளுக்கொரு பொய் சொல்லியிருக்கிறார்கள், சாட்சி நான் ஒருத்திதான் என்ற நினைப்பில் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை கோயிலில், செய்த பாவத்தைச் சாமியாரிடம் சொல்லுகிற பாவசங்கீர்த்தன வரிசையையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர்கள் இரண்டு பேரில் யார் முதலில் போய் நிற்கப்போகிறார்கள்? மாமியோ, அப்பாவோ?

இரண்டு பேரும் போகவில்லை. மாமி பெண்கள் பக்கத்திலும் அப்பா ஆண்கள் பக்கத்திலுமாக முழங்காலில் நின்று, ஒரு குற்றமும் செய்யாதவர்கள்போலச் சத்தமாகப் பாடினார்கள். அன்றைக்கு அப்பா பாடினதை நான் முதன்முதலாகக் கேட்டேன். இவர்களுக்காக யார் மன்றாடுவது என்று யோசித்து, நானே கண்ணை மூடிக்கொண்டு மன்றாடினேன்.